நோட்டுக்குப் பின்பக்கம் எழுதின நாலு நம்பர்

பிப்ரவரி 28, 2020, வெள்ளி

இன்னிக்கு ஒரே நாள்ல சென்செக்ஸ் 1,448 பாயிண்ட் இறங்கிருச்சு, அம்பது பெரிய கம்பெனி ஷேர் விலைய வச்சுக் கணக்குப் போடற இண்டெக்ஸ் நிஃப்டி 11,201. போகி அன்னிக்கு நிஃப்டி 12,362ல முடிஞ்சப்ப ஆபீஸ்ல டீ டைம்ல நாலு பேர் வந்து "எந்த ஷேர் வாங்கலாம் அக்கா"ன்னு கேட்டாங்க, இன்னிக்கு ஒருத்தரும் அந்தப் பேச்சையே எடுக்கல. விலை ஆயிரம் பாயிண்ட் குறைஞ்சிருக்கு, அதே அம்பது கம்பெனிதான், கேக்குற ஆளு மட்டும் காணோம்.

பொங்கல் லீவுல நான் ஒரு வேலை பண்ணி வச்சேன். கணக்கு நோட்டுக்குப் பின்பக்கம் நாலு நம்பர் எழுதினேன். 11,000, 10,000, 9,000, 8,000. நிஃப்டி ஒவ்வொண்ணுக்கும் கீழ முடிஞ்சா அம்பதாயிரத்துக்கு நிஃப்டி பீஸ், அதாவது அந்த அம்பது கம்பெனியையும் சேத்து வச்சிருக்கற ஃபண்ட், வாங்கணும், மொத்தம் ரெண்டு லட்சம். ஆறு மாச வீட்டுச் செலவு தனியா பேங்க்ல கிடக்கு, அதைத் தொடக்கூடாது. எழுதுறப்ப கடைசி ரெண்டு நம்பரும் வருமான்னே தோணல, வந்தாலும் ரெண்டு மூணு வருஷம் ஆகும்னு நெனச்சேன்.

மார்ச் 6, வெள்ளி

நிஃப்டி 10,989ல முடிஞ்சுது. முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே முதல் அம்பதாயிரத்துக்கு வாங்கிட்டேன், கை நடுங்கல, உண்மையா சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

தனிக் கம்பெனி ஷேர் வாங்காம ஏன் இண்டெக்ஸ்னு இவரு கேட்டாரு. அதுக்கு ஒரு கதை இருக்கு, இங்கயே எழுதி வச்சிடறேன். 2018ல ஒரு கம்பெனி ஷேர் 210க்கு வாங்கினேன், 150க்கு வந்தப்ப இன்னும் வாங்கி ஆவரேஜ் பண்ணேன், 90ல பண்ணேன், 60ல பண்ணேன், ஒவ்வொரு தடவையும் முன்ன வாங்கினது தப்பில்லன்னு எனக்கு நானே காட்டிக்கத்தான் வாங்கினேன், கம்பெனிக்கு எவ்வளவு கடன் இருக்குன்னு ஒரு நாள் கூட பேலன்ஸ் ஷீட்ட எடுத்துப் பாக்கல. அக்கவுண்ட்ஸ் வேலையில இருக்கறவ நான். இன்னிக்கு அது 6 ரூபா. 210ங்கற நம்பர் மண்டையில ஒட்டிக்கிச்சு, அங்கிருந்து பாக்க எல்லா விலையும் மலிவாத் தெரிஞ்சுது. நிஃப்டில இருக்கற அம்பதும் ஒண்ணா ஜீரோ ஆகாது, மோசமாப் போறத இண்டெக்ஸ் நடத்தறவங்களே வெளிய எடுத்துட்டு வேற ஒண்ண உள்ள போடறாங்க. "விலை இறங்கினா வாங்கு"ங்கறது இண்டெக்ஸுக்குச் சொன்னாச் சரி, தனி ஷேருக்கு அதே வார்த்தைய நம்பிப் போனவங்க பணம் திரும்பி வரவே இல்லாமப் போயிருக்கு.

மார்ச் 12, வியாழன்

நேத்து உலக சுகாதார நிறுவனம் கொரோனாவப் பெருந்தொற்றுன்னு அறிவிச்சுது. இன்னிக்கு நிஃப்டி 868 பாயிண்ட் காலி, 9,590. சென்செக்ஸ் 2,919 பாயிண்ட். ஆறு நாள்ல ரெண்டாவது நம்பர்.

வாங்கினேன். ஆனா போன வெள்ளி மாதிரி இல்ல, வயித்துல என்னமோ பண்ணுச்சு.

மார்ச் 13, வெள்ளி

மார்க்கெட் திறந்து கொஞ்ச நிமிஷத்துலயே 10 சதவீதம் கீழ போயி சர்க்யூட் அடிச்சு டிரேடிங்க நிறுத்திட்டாங்க. 2008க்கு அப்புறம் இப்படி இப்பத்தான். 45 நிமிஷம். அந்த 45 நிமிஷம் நான் வவுச்சர் எதையும் பார்க்கல, மானிட்டர்ல எக்ஸெல் ஷீட் திறந்திருக்கு, மனசு பூரா 8,624ங்கற நம்பர்ல. நேத்து ஏன் அவசரப்பட்டோம், ஒரு நாள் பொறுத்திருந்தா கிட்டத்தட்ட ஆயிரம் பாயிண்ட் கீழ கிடைச்சிருக்குமேன்னு.

மதியம் சாப்பிட்டு வந்து பாத்தா ஏறுது, சாயந்தரம் 9,955ல முடிஞ்சுது! உடனே அடுத்த வருத்தம், நேத்தே ரெண்டு அம்பதாயிரத்தையும் சேத்து வாங்கியிருக்கணுமோன்னு. காலைல ஒரு வருத்தம், சாயந்தரம் அதுக்கு நேர் எதிரான வருத்தம், ரெண்டுமே ஒரே அளவு வலிச்சுது. அப்ப என் வருத்தத்த வச்சு ஒரு முடிவும் எடுக்கக்கூடாதுன்னு அர்த்தம்.

மார்ச் 15, ஞாயிறு

ரெண்டு நாளா மார்க்கெட் இல்ல, நல்லாத் தூங்கினேன். கையில இருக்கற யூனிட் அதேதான், விலை கண்ணுல படல, அவ்வளவுதான் வித்தியாசம். பெனார்ட்ஸி, தேலர்னு ரெண்டு பேரு 1995ல இதத்தான் எழுதினாங்க, அடிக்கடி விலை பாக்கறவன் அடிக்கடி நஷ்டத்தப் பாக்கறான், அதனால பயந்து ஒதுங்கிடறான்னு. அதுக்கு முன்ன 1979லயே கானமனும் ட்வெர்ஸ்கியும் சொன்னதுதான் அடிப்படை, நூறு ரூபா போனா வர்ற வலிய ஈடுகட்ட நூறு ரூபா வந்தாப் பத்தாதுன்னு. கிட்டத்தட்ட எரநூறு வரணும்னு 1992ல அவங்களே கணக்குப் போட்டாங்க. இதெல்லாம் படிச்சிருக்கேன். படிச்சவளுக்கும் வெள்ளிக்கிழமை காலைல அந்த நடுக்கம் வந்துச்சே, அது எனக்கு நெசமாவே ஆச்சரியமா இருக்கு.

நூல் யாவாரத்துல இத வருஷக்கணக்கா பாத்துட்டு இருக்கேன். மாசப் பொறப்புல மில்லுக்காரங்க கிலோவுக்கு அஞ்சு ரூபா ஏத்தினா பனியன் கம்பெனிக்காரங்க அன்னிக்கே புக் பண்ண ஓடுவாங்க, மூணு மாசத்துக்கு வேண்டியத வாங்கிப் போட்டுக்குவாங்க. அஞ்சு ரூபா குறைச்சா யாரும் வாங்க மாட்டாங்க, இன்னும் குறையும், பாத்துக்கலாம்னு அன்னன்னிக்கு வேண்டிய மூட்டைய மட்டும் எடுப்பாங்க. எங்க மாமனார் நாப்பது வருஷம் பனியன் கம்பெனியில இருந்தவரு, அவரு சொல்றாரு, "எறங்கறப்ப வாங்கறவன் ஊருக்குள்ள ரெண்டு பேருதான் அம்முணி, அவனுங்ககிட்ட சரக்கு வெக்க எடமும் இருக்கும், கடனில்லாத காசும் இருக்கும்"னு. எடமும் காசும்னு அவரு சொன்னத ரெண்டு மூணு தடவ நெனச்சுப் பாத்தேன். தைரியம்னு அவரு சொல்லவே இல்ல.

மார்ச் 17, செவ்வாய்

8,967. மூணாவது நம்பர். வாங்கல. நாளைக்குப் பாக்கலாம்னு போனக் கவுத்து வச்சுட்டேன்.

மார்ச் 19, வியாழன்

நேத்தும் வாங்கல. இன்னிக்கு நிஃப்டி 8,200 சொச்சத்துல இருந்தப்ப வாங்கினேன். ரெண்டு நாள் தள்ளிப் போட்டதுல எழுநூறு பாயிண்ட் கீழ கிடைச்சுது, இது என் சாமர்த்தியம் இல்ல, பயந்து நின்னேன், அதுவா கீழ வந்துச்சு. அதே பயத்துல நின்னிருந்து மேல போயிருந்தா வாங்காமயே விட்டிருப்பேன். இத இப்பவே எழுதி வைக்கலேன்னா ஆறு மாசம் கழிச்சு நான் என்னமோ கணிச்சு வாங்கின மாதிரி எனக்கே ஞாபகம் வரும்.

ராத்திரி எட்டு மணிக்கு பிரதமர் பேசினாரு. ஞாயித்துக்கிழமை யாரும் வெளிய வரக்கூடாதாம்.

மார்ச் 23, திங்கள்

இத எழுதவே கஷ்டமா இருக்கு.

காலைல பத்து மணிக்கெல்லாம் மறுபடி 10 சதவீத சர்க்யூட். நிறுத்தித் திறந்து மறுபடியும் கீழ. நிஃப்டி 7,610, ஒரே நாள்ல 1,135 பாயிண்ட், 13 சதவீதம். சென்செக்ஸ் 3,934 பாயிண்ட் காலி. நாலாவது நம்பர் 8,000 தாண்டிப் போயிருச்சு. பிஇ, அதாவது லாபத்துக்கு எத்தன மடங்கு விலைங்கறது, ஜனவரில 28 கிட்ட இருந்தது இப்ப 17. அம்பதாயிரம் தயாரா இருக்கு, ஆர்டர் டைப் பண்ணேன், அளவு போட்டேன், பட்டன அமுக்கல.

மூணே கால் மணிக்கு முதலாளி கேபினுக்குள்ள கூப்பிட்டாரு. ரெண்டு பையர் மெயில் போட்டிருக்காங்க, ஷிப்மென்ட் நிறுத்தி வையுங்கன்னு. ஒருத்தர் கட்டிங் முடிஞ்ச ஆர்டரையே வேண்டாங்கறாரு. ஏப்ரல் சம்பளம் பாதிதான் தர முடியும்னு நெலத்தப் பாத்துட்டே சொன்னாரு. இருபது வருஷமா பாக்கற மனுசன், கண்ணு கலங்கியிருந்துச்சு. வெளிய வந்து போன எடுத்தா மணி மூணு நாப்பது, மார்க்கெட் மூடிருச்சு.

"மலிவா கிடைக்கும்போது வாங்கு"ன்னு சொல்றவங்க யாரும் இதச் சொல்லித் தரல. ஷேர் விலை ஏன் விழுதோ அதே காரணத்துலதான் என் சம்பளமும் விழுது, இவரோட பிரிண்டிங் பட்டறையும் மூடுது, ரெண்டும் ஒரே நாள்ல வருது. பொங்கல் லீவுல நோட்டுல எழுதினப்ப சம்பளம் அப்படியே வரும், மார்க்கெட் மட்டும் இறங்கும்னு நெனச்சு எழுதியிருக்கேன். 2008லயும் இதான் ஆச்சு. அப்ப முப்பத்தஞ்சாயிரம் ஃபண்டுல போட்டிருந்தேன், 21,000 தொட்ட சென்செக்ஸ் அக்டோபர்ல 9,000த்துக்கும் கீழ வந்தப்ப எல்லாத்தையும் வித்துட்டேன், ஏன்னா எங்க கம்பெனில ஆள் குறைக்கறதா பேச்சு இருந்துச்சு. 2009 மே 18, எலக்‌ஷன் ரிசல்ட் வந்து முதல் நாள், சென்செக்ஸ் 2,110 பாயிண்ட் மேல போயி மேல் சர்க்யூட் அடிச்சு மூடிட்டாங்க, வாங்கணும்னு ஓடினவங்களுக்கும் கிடைக்கல. அன்னிக்கு நான் வெளிய நின்னு பாத்துட்டு இருந்தேன். பதினொரு வருஷம் ஆகியும் அந்தத் தேதி மறக்கல.

ஒண்ணு மட்டும் தேவலாம். இந்தத் தடவ எதையும் விக்கல.

மார்ச் 24, செவ்வாய்

காலைல நிஃப்டி 7,511 வரைக்கும் போயி 7,801ல முடிஞ்சுது. சாயந்தரம் ஆறு மணிலேருந்து தமிழ்நாடு பூரா 144. ராத்திரி எட்டு மணிக்கு நாடு பூரா 21 நாள் ஊரடங்குன்னு அறிவிப்பு.

பட்டறையில ஒடிசா பசங்க ஆறு பேரு. ரயில் இல்ல, பஸ் இல்ல, மேல ரூம்லயே இருக்காங்க. இவரு கேட்டாரு, "அந்த அம்பதாயிரம் இருக்கா?"ன்னு. ஏனுங்க, ஷேருக்கு வச்சதுன்னு சொல்ல வாய் வரல. இருக்குதுங்கன்னு சொன்னேன். அரிசி, ஆட்டா, பருப்பு, எண்ணெய், ஆளுக்கு ஒரு வாரச் சம்பளம். ஆறு மாசச் செலவுக்கு வச்சது எங்க வீட்டுக்கு மட்டும் கணக்கு போட்டது, பட்டறையச் சேர்க்கல. அந்தத் தப்பு என்னோடது.

மார்ச் 28, சனி

நேத்து ரிசர்வ் பேங்க் வட்டிய முக்கால் சதவீதம் குறைச்சு 4.40க்கு கொண்டு வந்துச்சு, கடன் தவணை மூணு மாசம் தள்ளிக் கட்டலாம்னும் சொல்லியிருக்கு. நிஃப்டி 8,660. திங்கக்கிழமை அடியிலேருந்து நாலே நாள்ல ஆயிரம் பாயிண்ட். செய்தி எதுவும் நல்லா மாறல, நோயாளி எண்ணிக்கை ஏறிட்டேதான் இருக்கு. எல்லாம் தெளிஞ்சப்புறம் வாங்கிக்கறேன்னு சொல்ற அண்ணன் ஒருத்தர் இருக்காரு எங்க ஆபீஸ்ல, அவர நெனச்சுக்கிட்டேன். தெளியறதுக்கு முன்னாடியே விலை கிளம்பிடுது.

ஏப்ரல் 7, செவ்வாய்

ஒரே நாள்ல 8.76 சதவீதம் ஏத்தம். பட்டறைப் பசங்களுக்கு ரெண்டாவது தடவ மளிகை வாங்கினோம்.

மார்ச் மாசக் கணக்கு வந்திருக்கு. வெளிநாட்டுக்காரங்க நம்ம ஷேர்ல கிட்டத்தட்ட 62,000 கோடி வித்துட்டுப் போயிருக்காங்க, உள்ளூர் ஃபண்டும் இன்ஷூரன்ஸும் சேந்து 55,000 கோடிக்கு மேல வாங்கியிருக்கு. அதுல எஸ்ஐபி, அதாவது மாசாமாசம் ஃபண்டுல போடற பணமும் இருக்கு. மாசம் ஆயிரம், ரெண்டாயிரம்னு போடற டீச்சரு, நர்ஸு, கடைக்காரரு. பேங்க்ல தானா பிடிச்சுக்கிச்சு, நிறுத்தாம விட்டாங்க. மார்ச் 23 அன்னிக்கு தேதி விழுந்தவங்களுக்கு அந்த விலையில கிடைச்சிருக்கும், அவங்களுக்கு அது தெரிஞ்சே இருக்காது. நான் பட்டன் மேல விரல வச்சுட்டு உக்காந்திருந்தேன். அடுத்த மாசத்துலேருந்து என் பணத்துல பாதிய அப்படி விடப்போறேன், என் விரல் அதுல வேண்டாம்.

நவம்பர் 9, திங்கள்

நிஃப்டி 12,461ல முடிஞ்சுது, போகி அன்னிக்கு இருந்தத தாண்டிருச்சு. 38 சதவீதம் விழுந்தது எழுந்திரிக்க 62 சதவீதம் ஏறணும், அது எட்டு மாசத்துக்குள்ள ஆயிருக்கு, 2008ல விழுந்தது அடியிலேருந்து திரும்பி வர கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் ஆச்சு. எது எவ்வளவு நாள்னு அன்னிக்கு யாருக்குத் தெரியும்.

நோட்டெடுத்துப் பாத்தேன். மூணு நம்பருக்கு டிக் போட்டிருக்கு, 8,000க்குப் பக்கத்துல "பசங்க மளிகை, சம்பளம்"னு இவரு கையெழுத்து. 7,610ல வாங்கியிருந்தா அம்பதாயிரம் இன்னிக்கு 82 ஆயிரம் கிட்ட இருந்திருக்கும். கணக்கு போட்டுப் பாத்தேன், வலிக்கல. ஜூன்ல ஊருக்குப் போன ஆறு பேருல அஞ்சு பேரு திரும்பி வந்துட்டாங்க, தீபாவளி போனஸ் கவர்ல பேரெழுதி வச்சிருக்கோம். ஆறாவது பையன் அங்கயே கடை வச்சிட்டான்.

புதுப் பக்கத்துல புது நம்பர் எழுதினேன், இந்தத் தடவ மூணுதான், ஒவ்வொண்ணுக்கும் சின்னத் தொகை. வீட்டுச் செலவோட பட்டறை ஆறு மாசத்தையும் முதல்ல தனியா ஒதுக்கிட்டு.

காலைல மில்லுலேருந்து போன், நூல் விலை ஏத்தறாங்களாம். பன்னெண்டு மணிக்குள்ள ஆபீஸ்ல நாலு பேரு வந்து கேட்டுட்டாங்க, இன்னும் எத்தன மூட்டை புக் பண்ணலாம்னு.