முதுகில் ஊசி

மூன்று நாளாகக் காய்ச்சல். நான்காம் நாள் காலையில் பெரியப்பா லோஞ்சியை (பர்மா லுங்கி) கட்டத் தெரியாமல் கையில் பிடித்தபடி நின்றார். செத்துப்போன பாட்டியின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். பர்மாவில் எங்கள் ஊரான பகோவில் அக்கம்பக்கம் 'காத்து கருப்பு' என்றது. பெரியம்மா பீலிக்கான் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். நாங்கள் ரங்கூனுக்கு வண்டி பிடித்தோம்.

முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். "கால் விளங்காமப் போயிடும்டி" என்று பெரியம்மா ஒரே அழுகை. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடும், ஊசி அதற்குக் கீழேதான் போகும் என்று படம் வரைந்து காட்டிய பிறகுதான் சம்மதித்தார்.

நீரில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஐஜிஎம் (புதுத் தொற்றைக் காட்டும் எதிர்ப்புப் பொருள்) இல்லை. ஹெர்பஸ் வைரஸைத் தேடும் பிசிஆர் சோதனையும் நெகட்டிவ். சரி, முன்பே தொடங்கியிருந்த மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். டாக்டர் அந்த ஹெர்பஸ் மருந்தை, அசைக்ளோவிரை, நிறுத்தவில்லை. எம்ஆர்ஐயில் நெற்றிப்பொட்டுக்கு உள்ளே மூளை வெள்ளையாகத் தெரிந்தது. முதல் சில நாட்களில் பிசிஆர் ஏமாற்றும் என்றார். நான்கு நாள் கழித்து மறுபடி நீர் எடுத்தார்கள். பாசிட்டிவ். (மருந்து இல்லாவிட்டால் இந்த ஹெர்பஸ் மூளைக்காய்ச்சலில் சுமார் 70 சதவீதம் பேர் பிழைப்பதில்லை என்பதை அவர் பெரியம்மாவிடம் சொல்லவில்லை. நல்லவேளை.)

21 நாள், எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஊசி. நேற்று வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) கேட்டார். என் பெயர்தான் இன்னும் சில நேரம் மாறிப்போகிறது.