உயிர் வெந்நீரில்தான் தோன்றியதா? பரிணாம வினாவுக்குப் படித்த முறை

முதுகலை நுண்ணுயிரியலில் பரிணாமத் தாளுக்குப் படிப்பவர்கள், "புவியில் உயிர் முதலில் வெப்பமான சூழலில் தோன்றியதா? விவாதிக்க" என்ற வினாவை எப்போது வேண்டுமானாலும் எதிர்பார்க்கலாம். எழுத்துத் தேர்வுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் இதை நான் படித்தபோது மிகவும் கைகொடுத்தது, இந்த ஒரே வினாவுக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன என்று எங்கள் பேராசிரியர் தொடக்கத்திலேயே பிரித்துக் காட்டியதுதான். முதல் உயிர் எந்தச் சூழலில் உருவானது என்பது ஒரு கேள்வி. இன்றுள்ள உயிர்கள் அனைத்துக்கும் கடைசிப் பொது மூதாதையான லூக்கா எந்த வெப்பநிலையில் வாழ்ந்தது என்பது மற்றொரு கேள்வி. லூக்காவுக்கு முன்பே நெடிய பரிணாம வரலாறு கழிந்திருக்கிறது. ஆகவே நோட்டுப் பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, படிக்கும் ஒவ்வொரு சான்றும் இவற்றில் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்று பார்த்து, அந்தந்தப் பக்கத்தில் எழுதி வந்தேன்.

வெப்பத் தோற்றக் கருத்து எப்படி வலுப்பெற்றது என்பதைச் சுருக்கமாக எழுதினால் போதும். 1960களில் தாமஸ் பிராக் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் உயிர்களைக் கண்டார். 1977இல் கலாபகசு தீவுகளுக்கு அருகே கடலடி வெந்நீர் ஊற்றுகளும் அவற்றைச் சுற்றி வாழும் உயிர்க்கூட்டங்களும் கண்டறியப்பட்டன. அதே ஆண்டில் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ரைபோசோம் (செல்லில் புரதம் உருவாக்கும் அமைப்பு) ஆர்.என்.ஏ. ஒப்பீட்டின் வழியாக, பாக்டீரியாவைப் போலத் தோன்றும் ஒற்றைச் செல் உயிரிகளான ஆர்க்கியாவைத் தனிப் பிரிவாக அடையாளம் காட்டினர். அந்த ஆர்.என்.ஏ. மரத்தில் வேருக்கு அருகே பிரியும் கிளைகளில் அக்விஃபெக்ஸ், தெர்மோடோகா போன்ற வெப்பநாட்ட உயிரிகள் இருந்ததால், மூதாதையும் வெப்பத்தில் வாழ்ந்ததாகவே இருக்க வேண்டும் என்ற முடிவு பரவியது. கவனியுங்கள்: இது லூக்காவைப் பற்றிய சான்றே தவிர, உயிரின் தோற்றத்தைப் பற்றியதன்று.

நேரத்தை அதிகம் செலவிட வேண்டிய இடம் எதிர்வாதம். 1998இல் மேத்யூ லெவியும் ஸ்டான்லி மில்லரும் ஆர்.என்.ஏ.வின் 'எழுத்துகளான' நான்கு மரபுக்காரங்களின் நிலைத்தன்மையை அளந்து வெளியிட்டனர். 100 டிகிரி செல்சியஸில் சைட்டோசினின் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) ஏறத்தாழ 19 நாட்கள்; அடினினுக்கும் குவானினுக்கும் ஏறத்தாழ ஓர் ஆண்டு; யுராசிலுக்கு 12 ஆண்டுகள். 0 டிகிரியிலோ சைட்டோசினே பல்லாயிரம் ஆண்டுகள் தாங்கும். ஆர்.என்.ஏ.வை நம்பித் தொடங்கிய உயிருக்குக் கொதிநீர் ஏன் இடையூறு என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன. இவற்றை மனப்பாடமாக வைத்திருங்கள். இது தோற்றக் கேள்விக்கு உரிய சான்று.

லூக்கா பக்கத்திலும் மறுப்பு உண்டு. குவானின்–சைட்டோசின் இணையில் மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகள் இருப்பதால், அதிக வெப்பத்தில் வாழும் நுண்ணுயிரிகளின் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வில் அவ்விணைகள் மிகுந்திருக்கும். 1999இல் நிக்கோலா கால்ட்டியேவும் உடனாய்வாளர்களும் மூதாதையின் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வில் அவ்விணைகளின் விகிதத்தைக் கணித்து, அது கடும் வெப்பத்துக்குப் போதாது என்றனர். 2016இல் வில்லியம் மார்ட்டின் குழுவோ 355 புரதக் குடும்பங்களை லூக்காவுக்கு உரியனவாகக் கண்டு, அது ஹைட்ரஜனைச் சார்ந்து வெப்பச் சூழலில் வாழ்ந்தது என்று வாதிட்டது. வெப்பநாட்ட உயிரிகளுக்கே உரிய ரிவர்ஸ் கைரேஸ் நொதி அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் அந்த நொதி, டி.என்.ஏ. இழைகளைப் பிரிக்கும் ஹெலிகேஸ், அதன் முறுக்கை மாற்றும் டோபோஐசோமரேஸ் ஆகிய இரு பகுதிகள் இணைந்து உருவானது என்பதால், அது தொடக்க காலத்தது அன்று என்று பாட்ரிக் ஃபோர்ட்டெர் நெடுநாளாகச் சொல்லி வந்திருக்கிறார்.

வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்கப்பட்டது இதுதான்: "லூக்கா வெப்பநாட்ட உயிரி என்று நிறுவப்பட்டால், உயிர் வெந்நீரில் தோன்றியது என்று ஆகிவிடுமா?" ஆகாது. குளிர்ந்த நீரில் தோன்றி வளர்ந்த உயிர்களுள், பெரும் விண்கல் மோதல்கள் கடலைச் சூடாக்கியபோது வெப்பத்தைத் தாங்கியவை மட்டுமே பிழைத்திருக்கலாம். அப்படியானால் மூதாதை வெப்பத்துக்குப் பழகியிருந்தாலும் தோற்றம் வேறிடத்தில் நிகழ்ந்திருக்கும்.

"வெப்பம்" என்று பொதுவாக எழுதிவிடாமல் அளவைக் குறிப்பிடுங்கள். கடலடியில் கரும்புகை போலக் கனிமங்களைக் கக்கும் 'கரும்புகை ஊற்றுகளின்' நீர் 350 டிகிரியையும் தாண்டும். 2000ஆம் ஆண்டில் அட்லாண்டிக் கடலடியில் கண்டறியப்பட்ட 'லாஸ்ட் சிட்டி' காரநீர் ஊற்றுகளில் வெப்பம் 40 முதல் 90 டிகிரி வரையே. உயிரின் தோற்றம் பற்றி மைக்கேல் ரசல் முன்வைத்த கருத்து இத்தகைய மிதமான ஊற்றுகளைப் பற்றியது. டேவிட் டீமர் ஆதரிப்பதோ நிலத்து வெந்நீர்க் குட்டைகள் மாறி மாறி நனைந்து உலர்வதை. என் விடையில், மிதவெப்பத் தோற்றமே இப்போதைய சான்றுகளுக்கு அதிகம் பொருந்துகிறது என்று நிலைப்பாடு எடுத்தேன். எந்தப் பக்கம் நின்றாலும் காரணத்தோடு நில்லுங்கள்.

படம் வரைய நேரமிருந்தால் உயிர்மரத்தின் பக்கத்தில் ஒரு வெப்பநிலை அச்சு போடுங்கள். 2008இல் பாஸ்தியன் பூசோ குழு வெளியிட்ட முடிவை அதில் குறிக்கலாம்: லூக்காவில் மிதமான வெப்பம், அதிலிருந்து பிரிந்த பாக்டீரியாவின் மூதாதையிலும் ஆர்க்கியாவின் மூதாதையிலும் தனித்தனியே ஏற்றம், பின்னர் பாக்டீரியாவின் பல கிளைகளில் மீண்டும் இறக்கம்.