கடிக்கவே இல்லையே, பிறகு எதற்கு ஊசி?

மணி எங்கள் வீட்டில் இருந்தது சரியாக 26 நாட்கள். தெருமுனையில் ஈன்றிருந்த நாயின் நான்கு குட்டிகளில் ஒன்றைப் பள்ளிவிட்டு வரும்போது மகன் சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்தான். காதுக்குப் பின்னால் ஆறிப்போன ஒரு சிறு காயம் இருந்தது. குட்டிகள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். தடுப்பூசியை மூன்று மாதம் ஆனதும் போட்டுக்கொள்ளலாம் என்று நாட்காட்டியில் தேதியையும் குறித்து வைத்திருந்தேன். அந்தத் தேதிக்கு முன்பே மணி போய்விட்டது.

ஒரு சனிக்கிழமை மாலை பாலைத் தொடவில்லை. வாய் ஓரமாக எச்சில் ஒழுகியது, கீழ்த்தாடை தொங்கியது. குரைத்தால் குரல் கம்மி வேறு ஏதோ பிராணியின் குரல் போலக் கேட்டது. தொண்டையில் மீன் முள் சிக்கியிருக்கும் என்றார் அத்தை. எனக்கும் அப்படித்தான் பட்டது. ஞாயிறு காலை டார்ச் அடித்துப் பார்த்து, விரலை உள்ளே விட்டுத் துழாவினேன். முள் எதுவும் இல்லை. ஊசி போன்ற பால்பற்கள் ஆள்காட்டி விரலில் இரண்டு கீறல் போட்டிருந்தன. மணி கடிக்கவில்லை, பாவம், கடிக்கும் திராணியே அதற்கு இல்லை.

அன்று மாலை ஒரு சிறிய மருத்துவமனைக்குப் போனேன். இத்தனை சின்னக் குட்டிக்கு வெறி பிடிக்காது என்று டெட்டனஸ் ஊசி மட்டும் போட்டு அனுப்பினார்கள். நிம்மதியாகத் தூங்கினேன். இன்று நினைத்தால் அந்த நிம்மதிதான் பயமாக இருக்கிறது.

திங்கள் காலை மணியின் பின்னங்கால்கள் தள்ளாடின. அட்டைப் பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார், கையுறையை மாட்டினார், குட்டியைத் தொடுவதற்கு முன்பே என்னைக் கேட்டார்: "வாய்க்குள் கையை விட்டீர்களா?" முள் சிக்கியது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் விட்டிருப்பார்களாம். வெறிநாய் என்றால் சீறிப் பாய்ந்து ஓடி ஓடிக் கடிக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். நரம்புகள் செயலிழந்து, தாடை விழுந்து, மூலையில் சுருண்டு கிடக்கும் ஊமை வெறியும் உண்டு. அதில் நாய் நம்மைத் தேடி வருவதில்லை. நாம்தான் இரக்கப்பட்டு அதன் வாயருகே போகிறோம்.

ஒரு நாள் கடந்துவிட்டாலும் பரவாயில்லை என்று அங்கிருந்த குழாயடியிலேயே நிற்கவைத்து, சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் விரலைக் கழுவச் சொன்னார். கடிகாரம் பார்த்துக் கழுவினால்தான் 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரிகிறது. வீட்டில் நாங்கள் செய்திருந்தது மஞ்சள் வைத்தது மட்டும்.

அங்கிருந்து நேரே அரசு மருத்துவமனை. மருத்துவர் கேட்ட முதல் கேள்விக்கு மகன் தலையைக் குனிந்துகொண்டான். சைக்கிளில் விழுந்து சிராய்த்த முழங்காலை மணி நக்கியிருக்கிறது, பல நாள். நாயை வெறுமனே தொட்டாலோ, தோல் கிழியாத இடத்தில் அது நக்கினாலோ ஊசி வேண்டாம், கழுவினால் போதும். புண்ணை நக்கினாலும் இரத்தம் வரும்படி கீறினாலும் மூன்றாம் வகை, அதாவது ஆபத்து மிகுந்த வகை. எனக்கும் அவனுக்கும் அதுவே.

மூன்றாம் வகைக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. அது உடலைத் தயார்ப்படுத்த ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும். அதுவரை கிருமியைத் தடுத்து நிறுத்த, ஆயத்தமாக உள்ள எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலினைக் காயத்திலேயே செலுத்துகிறார்கள். குதிரையிலிருந்து எடுப்பது என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 40 யூனிட். அது உச்ச அளவு. விரலில் அவ்வளவுக்கு இடம் ஏது? கொள்கிற அளவு காயத்தைச் சுற்றி இறக்கினார்கள். அந்த வலியைப் பற்றி நான் பொய் சொல்ல விரும்பவில்லை. பிள்ளையைப் பெற்றவள் நான், ஆனாலும் கத்தினேன். மகன் கத்தவில்லை, என் கத்தலைக் கேட்டே உறைந்துபோயிருந்தான்.

தடுப்பூசி அதற்கு நேர்மாறு. இரு தோள்களிலும் தோலுக்குள் ஒரு சொட்டு, 0.1 மில்லி. முதல் நாளைப் பூஜ்ஜியம் என்று எண்ணுவதால் முதலில் குழம்பினேன். 0, 3, 7, 28 என்றால் எங்களுக்குத் திங்கள், வியாழன், அடுத்த திங்கள், அதிலிருந்து மூன்று வாரம் கழித்து இன்னொரு திங்கள். ஒரு பைசா செலவில்லை. அத்தைதான் நம்பவில்லை. தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்களே என்று நச்சரித்தார். அவர் தம்பிக்குப் போட்டது ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்து. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில்கூட அதைத் தயாரித்திருக்கிறார்கள். 2004க்குப் பிறகு இந்தியாவில் அது இல்லை. கறி மீன் கூடாது என்ற பத்தியத்துக்கும் வேலையில்லை என்று சிஸ்டர் சொன்ன பிறகு, அத்தை அவரிடமே இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

செவ்வாய் இரவு மணி இறந்தது. வெறுங்கையால் தொடாமல், புதைக்காமல், உடலைப் பனிக்கட்டியோடு ஆய்வகத்துக்கு அனுப்பினார் கால்நடை மருத்துவர். மூளையைப் பார்த்தால்தான் உறுதியாகும். முடிவு வரட்டும், பிறகு ஊசியைத் தொடங்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. நோய்க்குறி தெரிந்த பிறகு இந்த நோய்க்கு மருந்து கிடையாது. சில நாளில் வந்தது முடிவு: ரேபிஸ், அதாவது வெறிநோய்.

அதற்குப் பிறகுதான் பெரிய வேலை. மகனின் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மணியைத் தூக்கியவர்கள், கொஞ்சியவர்கள் பெயரை எழுதினோம். டியூஷன் பிள்ளைகள், பால்காரர், மாடிவீட்டுப் பாட்டி என்று 11 பேர். என் உள்ளங்கையில் அடங்கிய ஒரு குட்டி! விசாரித்ததில் எங்களையும் சேர்த்து ஐந்து பேருக்கு ஊசி தேவைப்பட்டது. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் ரேபிஸால் இறக்கிறார்கள் என்றும், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. முன்பு இதைப் படித்திருந்தால் எண்ணாகத்தான் கடந்திருப்பேன். அன்று டியூஷன் பிள்ளைகளின் முகங்கள்தான் வந்தன.

மற்ற மூன்று குட்டிகளையும் மூன்று வீடுகள் எடுத்துப்போயிருந்தன. இரண்டு வீட்டில் உட்காரவைத்துக் கேட்டார்கள், மறுநாளே மருத்துவரிடம் போனார்கள். மூன்றாவது வீட்டில், "எங்கள் குட்டி நன்றாகத்தான் இருக்கிறது, அபசகுனமாகப் பேசாதீர்கள்" என்று கதவைச் சாத்தினார்கள். நகராட்சியில் சொன்னேன். வலையோடு வந்து தெருநாய்களுக்கு ஊசி போட்டார்கள். தாய் நாய் அதற்குள் எங்கேயோ காணாமல் போயிருந்தது. அந்த மூன்றாவது வீட்டுக்குக் கணவரை ஒரு முறை, கால்நடை மருத்துவரை ஒரு முறை அனுப்பினேன். மருத்துவர் போனபோதுதான் கதவு திறந்தது.

28ஆம் நாள் ஊசி முடிந்ததும் சிஸ்டர் அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இனி எப்போதாவது நாய் கடித்தால் இதைக் காட்டினால் இரண்டு நாள் ஊசியே போதும், விரலில் போட்டது வேண்டாம் என்றார். ரேஷன் அட்டையோடு சேர்த்துப் பீரோவில் வைத்திருக்கிறேன். வேறொரு குட்டி வேண்டும் என்று மகன் கேட்கத் தொடங்கிவிட்டான். அத்தை இன்னும் பதில் சொல்லவில்லை.