ஏலகிரி மேட்டில் இழுவை போன வண்டி

செகண்ட் ஹேண்டில் ஒரு காம்பாக்ட் எஸ்யூவி வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. 2015 மாடல், 1.5 லிட்டர் டீசல், நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்குகிற வண்டி. வாங்கும்போது மீட்டரில் 86,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. மெக்கானிக்கைக் கூட்டிப்போய்க் காட்டித்தான் வாங்கினேன். மூன்று மாதம் எந்தத் தொல்லையும் இல்லை. அப்புறம் குடும்பத்தோடு ஏலகிரி போனோம்.

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஆறாவது வளைவைத் தாண்டி ஆக்சிலேட்டரை அழுத்தியதும் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது, இழுவை சுத்தமாகப் போய்விட்டது. முதல் கியரில் ஊர்ந்துதான் ஏற முடிந்தது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது, பின்சீட்டில் அம்மா. ஓரம்கட்டி, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஏறியது. அடுத்த மேட்டில் மறுபடி அதே கதை.

சென்னை திரும்பியதும் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் விட்டேன். அரை மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது: டர்போ போச்சு, மாற்ற 58,000 ரூபாய். டர்போ என்றால் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற கருவி. எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, ஸ்கேனரில் கோடு, அதாவது பிழை எண், வந்திருக்கிறது என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைகளைப் படிக்க, 900 ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் வாங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் செருகி, போனில் ஆப் வழியாகப் படிக்கலாம். வந்த கோடு பி0299. ஈசியூ, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், எதிர்பார்க்கிற அளவுக்கு டர்போவின் காற்றழுத்தம் வரவில்லை என்பதுதான் அதன் பொருள். காற்று எங்கே குறைகிறது என்பதை அந்தக் கோடு சொல்லாது. டர்போ தேய்ந்திருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டர்போவை இயக்குகிற வேக்கம் குழாய் விட்டிருக்கலாம், டர்போவிலிருந்து வருகிற காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரின் ஹோஸ் கிழிந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் இதே கோடுதான் வரும்.

அழுத்தத்தைக் காட்டுகிற சென்சார் சரியா என்று முதலில் பார்த்தேன். இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் அது ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல், அதையேதான் காட்டியது. சரி, சென்சார் பொய் சொல்லவில்லை. அடுத்து வண்டலூர் பக்கம் காலியான ரோட்டில், மூன்றாவது கியரில் முழுதாக அழுத்தி ஓட்டினேன். நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைப் படித்தார். 140-ஐத் தாண்டவே இல்லை. டர்போ டீசலுக்கு அந்த இடத்தில் 200-க்கு மேல் வர வேண்டும்.

மேடவாக்கத்தில் சின்ன ஷெட் வைத்திருக்கிற ஒரு மெக்கானிக் அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். "நீலப் புகை வருதா சார்? ஆயில் குறையுதா? விசில் சத்தம்?" என்று கேட்டார். எதுவும் இல்லை. "அப்போ டர்போவ அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல பைப்பப் பாப்போம்" என்று வண்டிக்கு அடியில் போனார். இன்டர்கூலர் ஹோஸின் அடிப்பக்கம், ஒரு கிளாம்புக்கு அருகில், ஆயில் கசிந்து அதில் மண் ஒட்டி கறுத்திருந்தது. அந்தக் குழாய்க்குள் லேசாக ஆயில் படிவது சாதாரணம். வெளியே வந்திருந்தால்தான் ஓட்டை. கண்ணால் பார்த்தால் கிழிசல் தெரியவில்லை. ஒரு முனையை அடைத்து, டயருக்குக் காற்றடிக்கிற பைப்பில் பத்து பிஎஸ்ஐ அளவுக்கு மெதுவாகக் காற்று விட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்தார். விரல் நீளத்துக்கு நுரை பொங்கியது. ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை அழுத்தாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, மூடியே இருக்கும், அழுத்தம் ஏறினால் மட்டும் வாய் திறக்கிற கிழிசல். மேட்டில் மட்டும் வண்டி படுத்ததற்குக் காரணம் அதுதான்.

சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கிற ஜி.பி. ரோட்டில் ஹோஸ் 2,400 ரூபாய். கூலி 600. ஸ்கேனரில் அந்தப் பிழைக் கோடை அழித்துவிட்டு அதே ரோட்டில் ஓட்டினேன்: 215. அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

அடுத்து வந்தது லிங்க் ராடு, முன்சக்கர சஸ்பென்ஷனில் இருக்கிற ஒரு கம்பி. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேகத்தடையில் முன்பக்கம் டக் டக் என்றது, இரண்டு பக்கமும் மாற்றினோம், சத்தம் நின்றது.

மழைக்காலத்தில் முன்சீட்டு இடதுபக்கம் கால் வைக்கிற கார்பெட் நனைந்து நாற்றமடித்தது. மழைத் தண்ணீர் என்றுதான் கதவு ரப்பரையெல்லாம் பார்த்தேன். ஆனால் மழையில்லாத நாளிலும் ஈரம். தொட்டுப் பார்த்தால் வெறும் தண்ணீர். இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட்டின் நிறமோ பிசுபிசுப்போ இல்லை. அப்போதுதான் கவனித்தேன், ஏசி ஓடினால் வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டிய தண்ணீர் சொட்டவே இல்லை. ஏசி தண்ணீர் வெளியேறும் குழாயை அடியிலிருந்து குத்திவிட்டதும் சேறோடு கடகடவென்று கொட்டியது. கேபின் ஃபில்டரை எடுத்தால் அதில் ஒரு கைப்பிடி வேப்பஞ்சருகு. வீட்டு வாசல் வேப்பமரத்தடியில்தான் வண்டி நிற்கிறது. கார்பெட்டை மேலோடு துடைத்து விட்டுவிடாதீர்கள், தூக்கிக் காயவையுங்கள். அடியில் வயர் கனெக்டர்கள் இருக்கின்றன.

பேட்டரிதான் அதிகம் அலைக்கழித்தது. ஐந்து நாள் ஊருக்குப் போய் வந்தால் ஸ்டார்ட் ஆகாது. புது பேட்டரி போட்டும் அதே நிலை. பழைய பேட்டரியின் மேல் வீணாகப் பழி போட்டுவிட்டேன் என்று இன்றும் வருத்தம். நெகட்டிவ் முனையைக் கழற்றி, மல்டிமீட்டரைப் பத்து ஆம்பியர் அளவில் இடையில் இணைத்து, வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் காத்திருந்தேன். உடனே பார்த்தால் தப்பான எண் வரும். வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக நேரம் வேண்டும். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது, மீட்டர் தாங்காது. 380 மில்லிஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. 50-க்குள் இருந்தால் சரி. 380 என்றால் நாளைக்கு ஒன்பது ஆம்பியர்-மணி. ஐந்து நாளில் 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் முக்கால்வாசி காலி. ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கியதில், ஆடியோ ஃப்யூஸை எடுத்ததும் 30-க்கு இறங்கியது. முந்தைய உரிமையாளர் போட்ட ஆம்ப்ளிஃபயரின் கட்டுப்பாட்டு வயரை, சாவி அணைத்தாலும் கரண்ட் வருகிற வயரோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். எலக்ட்ரீஷியன் பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார்.

இப்போது வேகம் 70 கிலோமீட்டரைத் தாண்டினால் முன்பக்கம் 'ஹூம்' என்று ஒரு சத்தம். ஸ்டியரிங்கை லேசாக இடதுபக்கம் திருப்பினால் கூடுகிறது, வலதுபக்கம் திருப்பினால் அடங்குகிறது. இடதுபக்கம் திரும்பும்போது பாரம் வலது சக்கரத்தின் மேல் இறங்கும். அதனால் வலதுபக்க வீல் பேரிங்காக இருக்கும் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஷெட்டுக்குப் போவேன்.