அம்மனுக்கு ஒரு கிராண்ட்

கிள்ளானிலிருந்து விடிகாலை நான்கரை மணிக்குக் கிளம்பினோம். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. மூட்டுவலி வேறு. இவ்வளவு தூரம் காரில் உட்கார மாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ஆடி பிறந்ததிலிருந்து ஒரே பாட்டு: "சுங்கை சிப்புட்டுக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போ. அம்மனப் பார்க்கணும்." காரில் ஏறியதும் மடியில் ஓர் அங்பாவ் உறையை வைத்துக் கையால் மூடிக்கொண்டார். போன தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததில் மிஞ்சிய ஊதா நிற உறை.

"என்னம்மா, காணிக்கையா?"

"காணிக்கை இல்ல. பாக்கி."

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. தஞ்சோங் மாலிம் வருவதற்குள் தூங்கிவிட்டார்.

தாப்பா ஓய்விடத்தில் ஆளுக்கு ஒரு தே தாரிக். ஈப்போவை நெருங்கும்போது சுண்ணாம்புக் குன்றுகள் ஒவ்வொன்றாகப் பனியை விட்டு வெளியே வந்தன. கல்லுமலை முருகனுக்குக் காரிலிருந்தே ஒரு கும்பிடு போட்டேன். அவருக்கும் ஒரு நேர்த்திக்கடன் நிலுவையில் இருக்கிறது, அது வேறு கதை.

சுங்கை சிப்புட் என்றால் மலாயில் நத்தை ஆறு. ஞாயிறு காலையில் ஊரும் அந்தப் பேருக்கு ஏற்ற வேகத்தில்தான் இருந்தது. இங்கிருந்து கோலகங்சார் பக்கம்தான். 1877ல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் அங்கே மரமாக நிற்கிறது. அந்த மரத்தின் வாரிசுகளுக்குப் பால் வெட்டத்தான் நம் ஆட்கள் கப்பலேறி வந்தார்கள். சரித்திரப் பாடத்தில் சுங்கை சிப்புட்டுக்கு வேறு காரணத்தால் இடம். 1948 ஜூன் 16ஆம் தேதி பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; அதோடு கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் வந்து 1960 வரை நீடித்தது. அம்மா அப்போது கைக்குழந்தை. தோட்டத்தைச் சுற்றிய முள்வேலியும் கேட்டில் நின்று பையைச் சோதிக்கும் ஆளும்தான் அவருடைய முதல் ஞாபகங்கள்.

நாங்கள் போன தோட்டத்தின் பேரை எழுதப் போவதில்லை. பேர் வேண்டாம் என்று இருந்துவிட்டுப் போன ஒருவரைப் பற்றிய கதை இது. ஊரைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி.

செம்மண் பாதையில் கார் திரும்பியதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் செம்பனை. அம்மா தேடியது ரப்பர் மரத்தை. "இங்கதான் பெரட்டு எடுப்பாங்க. அஞ்சு மணிக்கு மணி அடிக்கும். அந்தா, அங்க ஆயாக்கொட்டகை." காலையில் ஆள் கணக்கெடுத்த பெரட்டுக் களமும் இல்லை, பிள்ளைகளை விட்டுப் போன கொட்டகையும் இல்லை; நான் பார்த்தால் செம்பனை மட்டையும் புல்லும்தான். தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயன் வீடுகள் இருந்த இடத்தில் ஒரு பலாமரம் மட்டும் மிச்சம். அதைப் பார்த்துக் காரை நிறுத்தச் சொன்னார். இறங்கவில்லை, கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "சரி, போ" என்றார்.

உறுமி மேளச் சத்தம்தான் கோயிலுக்கு வழி காட்டியது. திருப்பத்தில் கார்கள் வரிசையாக நின்றன. ஈப்போ, பினாங்கு, ஜொகூர், சிங்கப்பூர் பதிவெண்கள்கூட. தோட்டத்தில் இப்போது தமிழ்க் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆடித் திருவிழா அன்று மட்டும் ஊர் திரும்பி வந்துவிடும். பெரிய கோயில் இல்லை. மூன்று நிலைக் கோபுரம், ஒரு மண்டபம், வெளியே வேப்பமரத்தடியில் சுருட்டோடு முனியாண்டி. பூக்குழிக்கு விறகு அடுக்கியிருந்தார்கள்.

பந்தலில் நாற்காலி போட்டு உட்கார வைத்த பெரியவர் அம்மாவிடம் பேர் கேட்கவில்லை. "எத்தனாவது லயம்?" என்றார்.

"மூணாவது. கடைசி வீடு."

"தண்டல் வீட்டுக்கு எதிர்த்தாப்புலயா? அடடே, நீங்களாக்கா!"

அவர்தான் கோயில் தலைவர். அறுபத்து நான்கில் அம்மாவின் குடும்பம் லயத்தைக் காலி செய்தபோது அவர் அரைக்கால் சட்டைப் பையனாம். இரண்டு பேரும் பேச ஆரம்பித்ததும் மேளம், ஒலிபெருக்கி எதுவும் அவர்கள் காதில் விழவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே ஆளிடம்தான் வந்தது: பால்காரம்மா.

அவரும் பால்வெட்டுத் தொழிலாளிதான். காலையில் மரம் வெட்டிவிட்டு, பாலைச் சேர்த்துக் கொட்டிவிட்டு, மத்தியானத்துக்கு மேல் மாட்டுக்காரம்மா ஆகிவிடுவார். ரப்பர் மரத்தடியில் புல்லுக்குப் பஞ்சமில்லாத காலம். ஒரு பசுவில் ஆரம்பித்தது ஏழெட்டு ஆனது. சாயங்காலம் சைக்கிளில் பால் போத்தல்களைக் கட்டிக்கொண்டு பட்டணத்துக் கோப்பிக்கடைகளுக்குப் போவார். லயத்தில் கைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்குக் கடன்தான். எழுதப் படிக்கத் தெரியாது. அந்தந்த வீட்டு நிலைப்படியில் கரிக்கோடு போட்டுக் கணக்கு வைப்பார். சம்பளத் தேதியில் கோட்டை எண்ணிக் காசு வாங்கிக்கொண்டு ஈரத்துணியால் துடைத்துவிடுவார்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று எங்கள் தாத்தா தலைமுறை பயத்தோடு சொன்ன சொல். வேலையும் போய் வீடும் போய் நின்ற தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்) சேர்த்துத் தோட்டங்களை வாங்கத்தான் 1960ல் இந்த ஊர்க்காரரான துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். எங்கள் தாத்தா இருந்த டிவிஷனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. துண்டு போட்டார்கள். தாத்தா மூட்டையைக் கட்டிக்கொண்டு கிள்ளான் பக்கம் போனார். பால்காரம்மா மாடுகளை விட்டுப் போக மனமில்லாமல், சேர்த்து வைத்த பணத்தையெல்லாம் போட்டு ஆற்றோரத் துண்டு ஒன்றை வாங்கினார். ஒன்றேகால் ஏக்கர். மேடு பள்ளமான நிலம், யாரும் சீண்டாதது.

சில வருஷத்தில் இன்னொரு இடி. குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாளக் கார்டுக்காரர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று 1969ல் வந்தது. அவருக்கு நீலக் கார்டு, புருஷனுக்குச் சிவப்பு. ஊருக்குக் கப்பலேறிவிட்டார் புருஷன். ஒன்றிரண்டு கடிதம் வந்ததாம். அப்புறம் இல்லை.

இனி கோயில் கதை. தோட்டத்துக் கோயில்கள் பெரும்பாலும் தோட்டத்து மண்ணில் நின்றவை. அந்தக் காலத்துத் தொரை வாயால் கொடுத்த அனுமதிதான் கிராண்ட், அதாவது நிலப் பத்திரம். கூலிகள் சாமி கும்பிட்டுக்கொண்டு கிடந்தால் ஓடிப் போக மாட்டார்கள் என்பது தொரையின் கணக்கு. நிலம் கை மாறினால் அந்த வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. நூறு வருஷம் கும்பிட்ட அம்மன் ஒரே கடிதத்தில் அத்துமீறிக் குடியிருப்பவள் ஆகிவிடுவாள். இங்கேயும் எண்பதுகளில் அந்தக் கடிதம் வந்தது. புது முதலாளி செம்பனை போடப் போகிறார், கோயிலை எடுங்கள் என்று.

கூட்டம் போட்டார்கள், மனு எழுதினார்கள். எங்கே எடுத்துப் போவது என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது கூட்டத்தில் பால்காரம்மா எழுந்து, "எங்கிட்ட பாதி இருக்கு, எடுத்துக்குங்க" என்றாராம். மீதிப் பாதி மாட்டுக்கும் தனக்கும்.

நில அலுவலகத்துக்குப் போனபோதுதான் சிக்கல் தெரிந்தது. விவசாய நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டேருக்குக் கீழே பிரிக்க முடியாது. நிலச் சட்டம் அப்படி. ஏறக்குறைய ஓர் ஏக்கர் கணக்கு. ஒன்றேகால் ஏக்கரை எப்படி வெட்டினாலும் ஒரு துண்டு குறையும். தலைவர் இந்த இடத்தில் நிறுத்தி, பல்லில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"தலைய தொங்கப்போட்டுக்கிட்டு வெளிய வந்தோம்க்கா. அந்தம்மா மாடிப்படியில உட்கார்ந்திருந்துச்சு. விஷயத்தச் சொன்னேன். 'பிரிக்க முடியாட்டி என்ன? முழுசா எழுது. அம்மனும் மாடும் ஒரே கொட்டகையில இருக்கட்டும்'னுச்சு."

முழுசாகவே எழுதினார்கள், மூன்று தர்மகர்த்தாக்கள் பேரில். நிலத்தின் தகுதியை மாற்றி வாங்க வருஷக்கணக்கில் அலைச்சல். அதைத் தலைவர் ஒரு பெருமூச்சில் முடித்துவிட்டார். பால்காரம்மா கேட்டது மூன்றே மூன்று. சாகும்வரை கொட்டகையில் படுக்க இடம். எங்கேயும் தன் பேரைப் போடக் கூடாது. வருஷா வருஷம் நிலவரியைத் தவறாமல் கட்ட வேண்டும். வரி கட்டாமல் விட்டால் நிலம் மாநில அரசுக்கே திரும்பிவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது அவர் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது.

அதனால் இந்தக் கோயிலில் நான் வேறெங்கும் பார்க்காத வழக்கம் ஒன்று இருக்கிறது. மே 31க்குள் வரி கட்ட வேண்டும். கட்டிய ரசீதைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து, அம்மன் பாதத்தில் படைத்து, கற்பூரம் காட்டிய பிறகுதான் கோப்பில் சேர்க்கிறார்கள். பூசாரி வீட்டுப் பையன் இதைச் சொல்லிச் சிரித்தான். எனக்கு என்னவோ சிரிப்பு வரவில்லை.

கோயில்களில் உபயதாரர் பேர் எப்படி எழுதுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். குழாய் விளக்கில் எழுதுகிற எழுத்தில் பாதி வெளிச்சம் மறைந்துவிடும். இங்கேயும் மண்டபச் சுவரில் பளிங்குப் பலகை இருக்கிறது. ஐம்பது வெள்ளிக்கு மேல் கொடுத்த எல்லாருடைய பேரும். மண் கொடுத்தவர் பேர் மட்டும் இல்லை. சோழநாட்டில் செங்கல் கோயில்களைக் கற்றளியாக்கிய செம்பியன் மாதேவியாரும் திருநல்லத்தில் கோயில் எடுத்தபோது கணவர் கண்டராதித்தர் பேரில்தான் எடுத்தார். கணவர் லிங்கத்தை வணங்குவது போலச் சிற்பமும் வைத்தார். அரசிக்கு எழுதி வைக்கக் கல்வெட்டாவது இருந்தது. பால்காரம்மாவுக்கு நில மாற்றப் படிவத்தில் ஒரு கைநாட்டு.

அந்தப் படிவத்தின் நகலைத் தலைவர் அலுவலக அறையிலிருந்து எடுத்து வந்து காட்டினார். பிளாஸ்டிக் உறை போட்ட படிவம் 14ஏ. மங்கிப் போன கட்டைவிரல் ரேகை. அம்மா கண்ணாடியைத் துடைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

பத்து மணிக்குக் கரகம் ஆற்றங்கரையிலிருந்து கிளம்பி வந்தது. வேப்பிலையும் மஞ்சளும் வாடை தூக்க, உறுமி அதிர, முன்வரிசையில் ஒரு பெண்ணுக்கு அருள் வந்து பிடித்துக்கொண்டார்கள். மாட்டுக்கொட்டகை இருந்த இடம்தான் இப்போது அபிஷேகத் தண்ணீர் வடியும் துளசி மேடை. முதல் செம்புப் பால் "மண் கொடுத்த மகராசி" என்று சொல்லித்தான் அம்மனுக்கு ஊற்றப்படுகிறது. அது பெட்டிப்பால்தான். தோட்டத்தில் இன்று ஒரு மாடும் கிடையாது. செம்பனை ஆலைக் காவலுக்கு வந்த நேப்பாளி ஒருவர் நெற்றியில் குங்குமத்தோடு எனக்குப் பக்கத்தில் நின்று, அபிஷேகம் முடியும் வரை கைகூப்பியபடி இருந்தார். மஞ்சள் காப்பில் அம்மன் முகம் தெரிந்தபோது அம்மா வாய்விட்டு "தாயே" என்றார். அவ்வளவுதான் அவர் வேண்டுதல்.

கூழ் வார்த்தார்கள். கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம், கருவாட்டுக் குழம்பு. இரண்டு முறை வாங்கிக் குடித்தேன்.

கிளம்பும்போது அம்மா உண்டியலுக்குப் போகவில்லை. ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த மேசைக்குப் போய் ஊதா உறையை வைத்தார். நூறு வெள்ளித் தாள்கள் ஐந்து. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. லயத்தைக் காலி செய்த மாதம் பால்காரம்மா கோட்டை எண்ண வரவில்லையாம். தாத்தா தேடிப் போனதற்கு, "போற எடத்துல புள்ளைங்களுக்குச் செலவு இருக்கும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டார். எட்டு வெள்ளி சொச்சம். நிலைப்படியில் கோடுகள் அப்படியே இருக்க, வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

மேசையில் இருந்த பையன் பேனாவைத் திறந்தான். "யார் பேர்ல பாட்டி? அன்னதானமா, கட்டட நிதியா?"

"பேரு வேணாம்ப்பா. பால் பாக்கின்னு எழுது."

அவன் தலைவரைப் பார்த்தான். தலைவர் எழுது என்று தலையசைத்தார்.