கொய்யாவில் வேர்முடிச்சு நூற்புழு: கன்று வாங்கும்போதே தடுக்க வேண்டிய நோய்

இலை செம்பு நிறமாகி உதிர்கிறது, நுனிக்கிளை காய்கிறது, காய் எலுமிச்சை அளவிலேயே நின்றுவிடுகிறது. இப்படி ஒரு கொய்யா மரத்தைப் பார்த்தால் முதலில் கைக்கு வருவது துத்தநாகமும் போரானும்தான். தெளித்த சில நாளைக்கு மரம் தெளிந்த மாதிரி இருக்கும். பிறகு பழையபடி ஆகிவிடும். மண்ணில் சத்து இல்லாமல் இல்லை, அதை உறிஞ்ச வேர்தான் இல்லை. கிளை பரவியிருக்கும் ஓரத்தில், மர நிழல் விழும் இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை விலக்கிப் பாருங்கள். மயிர் போன்ற சல்லிவேர் இருக்க வேண்டிய இடத்தில் பாசிமணி கோத்தது போலத் தடித்த வேர்கள் இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு, அதாவது வேருக்குள் புகுந்து முடிச்சு உண்டாக்கும் மிக நுண்ணிய புழு.

தக்காளி, கத்தரி, வெண்டையில் நாம் வழக்கமாகப் பார்ப்பது இந்தப் புழுவின் இன்காக்னிட்டா இனம். கொய்யாவைச் சாய்ப்பது பெரும்பாலும் மெலாய்டோகைன் என்டரோலோபி. 1983இல் சீனாவின் ஹைனான் தீவில் ஒரு மரத்தின் வேரிலிருந்து விவரிக்கப்பட்ட இனம் இது. பிரேசிலில் கொய்யாத் தோட்டங்களையே அழித்தது. தமிழ்நாட்டுக் கொய்யாவிலும் பதிவாகியிருக்கிறது. பழனியை அடுத்த ஆயக்குடி போல கொய்யாவையே நம்பியிருக்கும் ஊர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. தக்காளியில் நூற்புழு எதிர்ப்புக்காகச் சேர்க்கப்படும் எம்ஐ மரபணு இந்த இனத்திடம் எடுபடாது.

முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு அரை மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. வேர்நுனிக்குப் பின்னால் துளைத்து உள்ளே போய், நீரும் உணவும் செல்லும் குழாய்த் திசுவின் அருகே தலையை வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். அது செலுத்தும் சுரப்பால் சுற்றியுள்ள சில செல்கள் ராட்சத செல்களாகப் பெருத்து அதற்குத் தீனி போடும். பக்கத்துத் திசுவும் வீங்கி முடிச்சாகிறது. முடிச்சைப் பிளேடால் கீறி லென்ஸில் பார்த்தால் முத்து வெள்ளையில் பேரிக்காய் வடிவப் பெண்புழு தெரியும். ஒவ்வொன்றும் சில நூறு முட்டைகளைப் பசைக்கூட்டில் இடும். நம் வெயிலுக்கு நான்கைந்து வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். புழு துளைத்த வேரில் ஃபியூசேரியம் வாடல் பூஞ்சாணமும் சேர்ந்துகொண்டால் காய்த்துக்கொண்டிருக்கும் மரமே காய்ந்துபோகும்.

இது தோட்டத்துக்குத் தானாக நடந்து வருவதில்லை. ஒரு வருடத்தில் புழு நகரும் தூரம் மிகக் குறைவு. வருவது பையோடு வரும் கன்றில். விண்பதியத்தில், அதாவது மரத்தில் இருக்கும் கிளையிலேயே பாசியைச் சுற்றிக் கட்டிக் கன்று எடுக்கும் முறையில், வேர் பிடிப்பது பாசியில், அதனால் அந்த வேர் சுத்தமாகவே இருக்கும். கெடுவது பைக்கு மாற்றிய பிறகுதான்: பழைய தோட்டத்து மண், தரையில் அடுக்கிய பைகள், அடித்துளை வழியாக நிலத்துக்குள் இறங்கும் வேர். கன்றைத் தூக்கும்போது அடியில் ஏதோ பற்றியிருந்து பட்டென்று அறுந்தால் அந்த நாற்றங்காலில் வாங்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் நான்கைந்து கன்றின் பையைக் கிழித்து, மண்கட்டியோடு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து அலசிப் பாருங்கள். பிடுங்கி உதறினால் முடிச்சுள்ள சல்லிவேர் அறுந்து மண்ணோடு போய்விடும், வேர் சுத்தமாக இருப்பதுபோல் ஏமாற்றும். புதிதாகப் புழு ஏறிய கன்றில் முடிச்சு இன்னும் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் மறக்கக் கூடாது. நிறைய கன்று வாங்குபவர்கள் பல பைகளிலிருந்து மண் எடுத்துக் கலந்து, தொட்டியில் தக்காளி விதைத்து, 40 நாள் கழித்து அதன் வேரைக் கழுவிப் பார்க்கலாம். ஒரு முடிச்சு இருந்தாலும் மொத்தக் கன்றையும் திருப்பிவிடுவதுதான் சரி. பாதித்த கன்றுக்கு மருந்து ஊற்றி நடலாம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். மருந்து எண்ணிக்கையைக் குறைக்கும், முழுதாக ஒழிக்காது; மிஞ்சியது மரத்தோடு சேர்ந்து வளரும்.

கன்று உற்பத்தி செய்பவர்கள் பை மண்ணை ஏப்ரல், மே வெயிலில் சூரிய வெப்பமூட்டல் செய்துவிட வேண்டும். கலவையை ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, நன்றாக நனைத்து, மெல்லிய நிறமற்ற பாலித்தீன் தாளால் மூடி, ஓரத்தை மண்ணால் அடைத்து 4 முதல் 6 வாரம் விடுங்கள். காய்ந்த மண்ணில் செய்தால் பலன் பாதிகூட வராது. ஈரம்தான் சூட்டை உள்ளே கொண்டுபோகிறது. கறுப்புத் தாள் இதற்கு உதவாது. தாளை எடுத்த பிறகு சூடுபடாத தொழுஉரத்தையோ மண்ணையோ கலந்தால் பட்ட பாடெல்லாம் வீண். நிரப்பிய பைகளைத் தாள் விரித்தோ சிமெண்ட் தளத்திலோ அடுக்குங்கள்.

ஏற்கெனவே புழு உள்ள தோட்டத்தில் ஒழிப்பது என்ற பேச்சே கிடையாது, அடக்கி வைப்பதுதான். ஒரு டன் மக்கிய தொழுஉரத்தில் 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு, பர்ப்யூரியோசில்லியம் லிலாசினம், ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணங்களில் தலா 2 கிலோ கலந்து, நிழலில் ஈரமாக மூடி, வாரம் ஒருமுறை கிளறி, 15 நாள் வையுங்கள். இதை மரத்துக்கு 3 கிலோ வீதம், தண்டையொட்டி அல்ல, சல்லிவேர் இருக்கும் வட்டத்தில் இட்டு மண் அணைத்து நீர் பாய்ச்சுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப இட வேண்டும். லிலாசினம் முட்டையைத் தின்னும் பூஞ்சாணம். வேருக்குள் இருக்கும் புழுவைத் தொடாது. அதனால் உடனே மாற்றம் தெரியாது, பொறுக்கத்தான் வேண்டும். அதே வட்டத்தில் கார்பென்டசிம் என்ற பூஞ்சாணக்கொல்லியை ஊற்றினால் போட்ட பூஞ்சாணமும் செத்துவிடும்.

பலர் கவனிக்காமல் விடுவது ஊடுபயிர். கொய்யா வரிசைக்கு நடுவே தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை போட்டால் நீங்களே புழுவை வளர்த்து மரத்துக்கு அனுப்புகிறீர்கள். தானாக முளைக்கும் மணத்தக்காளியும் குப்பைக்கீரையும்கூட அதையே செய்யும். அவற்றுக்குப் பதில் செண்டுமல்லியை அடர்த்தியாக நட்டு, பூ எடுத்த பிறகு செடியை அங்கேயே மடக்கி உழுங்கள். ஓரத்தில் நாலு செடி வைப்பதால் பயனில்லை. சணப்பு விதைத்துப் பூக்கும்போது மடக்குவதும் நல்லது. புழு உள்ள பகுதியில் ஓடிய ரோட்டவேட்டரையும் மண்வெட்டியையும் கழுவாமல் அடுத்த பகுதிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கார்போபியூரான் போன்ற குருணை மருந்தை அள்ளிப் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இது சேர்ந்த கார்பமேட் வகை மருந்துகள் வயலில் இடும் அளவில் பெரும்பாலும் புழுவை மயக்கத்தான் செய்யும். மருந்தின் வீரியம் குறைந்ததும் அது எழுந்துவிடும். பசைக்கூட்டுக்குள் இருக்கும் முட்டைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, பழத்தில் நஞ்சு மிஞ்சும் ஆபத்தும் உண்டு. புதிதாக வந்திருக்கும் ஃப்ளூயோபைரம், ஃப்ளூயென்சல்ஃபோன் ஆகியவை நூற்புழுவைக் கட்டுப்படுத்தும் மருந்துகள். ஆனால் லேபிளில் உங்கள் பயிர் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, அதில் போட்டிருக்கும் அளவில் மட்டும் பயன்படுத்துங்கள்.

செத்த மரத்தை அடியோடு வெட்டிவிட்டு அதே குழியில் கொய்யா வைக்காதீர்கள். வேரைத் தோண்டி எடுத்து, வெயிலில் காயவைத்துக் கொளுத்துங்கள். பரிசோதனைக்கு அனுப்புவதென்றால் அடியோடு காய்ந்த மரத்தின் மண் வேண்டாம். தின்ன வேர் இல்லாத இடத்தில் புழு குறைவாகத்தான் இருக்கும். வாடத் தொடங்கிய மரங்களின் சல்லிவேர் வட்டத்தில் பத்து இடத்தில் எடுத்துக் கலந்த கால் கிலோ மண்ணும் ஒரு பிடி வேரும் போதும். பாலித்தீன் பையில் ஈரம் போகாமல் கட்டி, வெயில் படாமல், இரண்டு நாளுக்குள் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் நூற்புழுவியல் துறைக்கோ பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொடுத்துவிடுங்கள். மண் காய்ந்துவிட்டால் புழு செத்து, இருந்தும் இல்லை என்றே முடிவு வரும்.