முப்பத்தொரு மாதச் சம்பளத் துண்டுகள்

எங்களோடு வேலை செய்த அக்காவுக்கு 2024 மாசியில் 50 வயது முடிந்தது. முழங்கால் நோவோடு படியேறி இறங்க முடியாமல் வேலையை விட்டுவிட்டு, ஊழியர் சேமலாப நிதியை, அதாவது மாதா மாதம் சம்பளத்தோடு சேர்கிற ஓய்வுக்காலச் சேமிப்பை, எடுக்கப் போனார். பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயதானால் அந்தக் காசை எடுக்கலாம். அதற்குக் கே படிவம் என்று ஒன்று இருக்கிறது. அதை நிரப்பிக் கொடுத்தபோதுதான், கடைசி மூன்று வருடக் கணக்கில் வெறும் ஐந்து மாதப் பணம் மட்டும் கிடப்பது தெரிந்தது. அன்று பின்னேரம் அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்று, "தங்கச்சி, உன்ரையையும் ஒருக்காப் பார்" என்று சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

பார்த்தேன். என் கணக்கிலும் ஐந்து மாதம்தான்.

யாழ்ப்பாணத்தில் ஒரு அரச நிறுவனத்தின் கட்டிடங்களைச் சுத்தம் செய்யும் கொந்தராத்தில் நாங்கள் 28 பேர் வேலை செய்தோம். 25 பேர் பெண்கள். பலர் கணவனை இழந்தவர்கள், சிலருடைய கணவன்மார் கடலுக்கும் மேசன் வேலைக்கும் போகிறவர்கள். காலை ஐந்தரைக்கு வீட்டில் சமைத்து வைத்துவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்துப் போவோம். நான் 2017 தையில் சேர்ந்தேன். 2021 பங்குனியில், "கம்பனியின் பெயர் மாறுகிறது, எல்லாரும் புதுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கோ" என்றார்கள். அதே முதலாளி, அதே மேற்பார்வையாளர், அதே விளக்குமாறு. நாங்களும் போட்டுவிட்டோம். அந்தக் கையெழுத்தால் எங்கள் நான்கு வருடச் சேவை காகிதத்தில் முடிந்து, மறுநாளே நாங்கள் புது ஆட்கள் ஆகிவிட்டோம் என்பது அப்போது ஒருவருக்கும் விளங்கவில்லை. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, வருடம் ஒன்றுக்கு அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். நான்கு வருடத்தில் பெயரை மாற்றினால் அந்தப் பேச்சே எழாது.

என்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. அது அப்பாவிடமிருந்து வந்தது. அவர் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் வேலை செய்தவர். 1990இல் ஆலை நின்றது. 1995 ஐப்பசியில் யுத்தத்தால் வலிகாமப் பகுதியே எழுந்து நடந்தபோது, அவர் தோளில் தொங்கிய பையில் அரிசியும் உடுப்பும் இருந்தன, அடியில் ஒரு பொலித்தீன் பையில் சுற்றிய சம்பளக் கடதாசிகள் இருந்தன. அம்மா அதைப் பார்த்து ஏசினாராம். "இது என்ரை உழைப்பு, இதை எறிய மாட்டன்" என்று அப்பா சொன்னாராம். அதனால் நானும் என் சம்பளத் துண்டுகளை ஒன்றும் விடாமல் ஒரு பிஸ்கற் பேணிக்குள் போட்டு வைத்திருந்தேன். அன்று இரவு பேணியைக் கவிழ்த்து, நிலத்தில் மாதவாரியாக அடுக்கினேன். 2021 ஆவணி முதல் 2024 மாசி வரை 31 துண்டுகள். ஒவ்வொன்றிலும் "ஊ.சே.நி. கழிவு 1,600" என்று, அதாவது சேமலாப நிதிக்கு 1,600 ரூபாய் கழித்ததாக, இருந்தது.

கணக்கு இதுதான். அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய். அதில் 8 வீதம், அதாவது 1,600, எங்களிடம் கழிக்கிறார்கள். முதலாளி தன் பங்காக 12 வீதம், 2,400 போட வேண்டும். இரண்டும் சேர்ந்து மாதம் 4,000. அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதி என்ற இன்னொரு நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம், 600. இப்படி 31 மாதத்துக்குப் பார்த்தால் சேமலாபம் 1,24,000, நம்பிக்கை நிதி 18,600. இதில் 49,600 ரூபாய் முழுக்க முழுக்க என் சம்பளத்திலிருந்து எடுத்த காசு. 2022இல் கொழும்பு விலைவாசி ஏற்றம் 70 வீதத்தை நெருங்கிய மாதங்களும் அதற்குள் அடக்கம். அந்த நாட்களில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுவிட்டு வேலைக்கு ஓடியிருக்கிறேன். பிள்ளைக்குப் பால்மா வாங்க மோதிரத்தை அடகு வைத்திருக்கிறேன். அப்போதும் 1,600 கழிந்தது.

மேற்பார்வையாளரிடம் கேட்டோம். "கொழும்பில பிந்துது" என்றார். முதலாளியிடம் நேரே போனோம். அடுத்த கிழமை எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் கைப்பேசியில் செய்தி வந்தது: நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம். ஒரு காரணமும் எழுதவில்லை. அந்தச் செய்தியை நான் அழிக்கவில்லை. பிறகு அதுவே வேலை நீக்கத்துக்குச் சாட்சியானது.

அந்தக் கிழமை நான் நித்திரை கொள்ளவில்லை. நுண்கடன் கிழமைக் காசு ஒன்று கட்ட இருந்தது. மற்றவர்கள் என்னோடு கதைக்கவும் பயந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன.

அக்காவின் அயலில் ஓய்வுபெற்ற ஒரு ஐயா இருந்தார், பழைய தொழிற்சங்கக்காரர். அவர்தான் எங்களுக்கு வழி காட்டினார். முதல் கேள்வியே, "பிள்ளை, எத்தினை பேர் சேருவியள்?" என்பதுதான். ஏழு பேர் கையெழுத்திட்டால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம், 1935ஆம் ஆண்டிலிருந்தே அந்தச் சட்டம் இருக்கிறது என்றார். புதிதாகப் பதிய நேரமில்லை, ஏற்கெனவே இருக்கிற சங்கத்தில் சேருங்கள் என்று சொல்லி 11 பேரைச் சேர்த்தார். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையால் நிறுத்துவது 1999ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குற்றம் என்றும் அவரிடம்தான் அறிந்தோம். இந்த 11 பேரில் எட்டுப் பேர் வேலையில் இருந்துகொண்டே வந்தவர்கள். அவர்களுடைய துணிவை நான் மறக்க மாட்டேன்.

ஐயா ஒரு நாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டே ஒரு கதை சொன்னார். 2011இல் அரசாங்கம் தனியார் துறை ஊழியருக்கு ஒரு ஓய்வூதியச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. எங்கள் சேமலாபத்தில் கை வைக்கிற வேலை என்று சொல்லி, கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துப் பெடியளும் பெட்டையளும் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தார்கள். வைகாசி 30ஆம் திகதி பொலிஸார் சுட்டதில் ரொஷேன் சானக்க என்ற இளைஞர் காயப்பட்டு, இரண்டு நாளில் இறந்தார். சட்டமூலம் கைவிடப்பட்டது. "உன்ரை அந்த 8 வீதத்துக்குள்ள அந்தப் பிள்ளையின்ரை இரத்தமும் இருக்கு" என்றார் ஐயா. யுத்தம் முடிந்து அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, தெற்கில் நடந்த அந்தப் போராட்டத்தை நாங்கள் இங்கே சரியாகக் கேட்கவில்லை. எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சரி, முறைப்பாட்டுக்கு வருகிறேன். தொழில் அலுவலகத்துக்குப் போகும்போது நாங்கள் கொண்டுபோனவை: நியமனக் கடிதங்கள் இரண்டும், சம்பளத் துண்டுகளின் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, சேமலாப உறுப்பினர் இலக்கங்கள். கம்பனி மாறினால் இலக்கமும் மாறும், அதனால் பழையது புதியது இரண்டையும் எழுதி வைத்திருக்க வேண்டும். மூலப் பிரதியை ஒருவரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். துண்டு இல்லாதவர்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் வங்கிக் கூற்றில் சம்பளம் விழுந்த வரிகளையும், வரவுப் புத்தகத்தைப் படம் பிடித்து வைத்திருந்ததையும் காட்டினார்கள். அதுவும் உதவியது. எங்கள் கோப்பை எடுத்த பெண் உத்தியோகத்தர் பொறுமையாக எல்லாவற்றையும் வாசித்தார். துண்டுகளைக் கண்டதும், "இவ்வளவும் வைச்சிருக்கிறியளே" என்று நிமிர்ந்து பார்த்தார். அப்பா இருந்திருந்தால் அவரிடம் போய்ச் சொல்லியிருப்பேன்.

விசாரணைக்கு முதலாளி முதல் தடவை வரவில்லை. இரண்டாம் தடவை கணக்குப் பிள்ளையை அனுப்பித் தவணை கேட்டார். மூன்றாம் தடவை வந்து, எங்களுக்கு அடிப்படைச் சம்பளம் 12,500தான், மிச்சம் எல்லாம் மேலதிக நேரக் கொடுப்பனவு என்று சொன்னார். இது நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டிய தந்திரம். மேலதிக நேரக் காசுக்குச் சேமலாபம் கட்டத் தேவையில்லை. அதனால் சாதாரணச் சம்பளத்துக்கே அந்தப் பெயரைப் போட்டுவிட்டால் கட்ட வேண்டிய தொகை குறைந்துவிடும். ஆனால் எங்கள் துண்டுகளில் அடிப்படை 20,000 என்று அவர்களே அச்சடித்திருந்தார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிந்திக் கட்டினால் மிகையறவீடு உண்டு, 10 நாளுக்குள் 5 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடத்துக்கு மேல் போனால் 50 வீதம். முதலாளியின் முகம் அந்த 50 வீதத்தைக் கேட்டபோதுதான் மாறியது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு அரசியல்காரர் வந்தார். தேர்தல் காலத்தில் ஒழுங்கைக்குள் வந்து போன முகம். "தங்கச்சி, ஏன் கோடு கந்தோர் எண்டு அலையிறியள்? முறைப்பாட்டை மீளப் பெறுங்கோ. உங்கடை மகளுக்கு ஒரு வேலை நான் பார்த்துத் தாறன்." மகள் அப்போது உயர்தரம் எழுதிவிட்டு இருந்தாள். கணவர் என்னைப் பார்த்தார், நான் மகளைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. வேலை இல்லாத வீட்டில் ஒரு அரச வேலை என்பது சின்ன விடயமில்லை. மகள்தான், "எனக்கு வேண்டாம் அங்கிள்" என்று மெல்லச் சொன்னாள். அவர் தேத்தண்ணியைக் குடிக்காமல் போனார்.

ஒரு துப்புரவுக் கொந்தராத்துக்கு ஏன் இவ்வளவு பெரிய ஆள் வீடு தேடி வருகிறார் என்று ஐயா கேட்டார். அந்தக் கேள்வியில்தான் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். எந்தப் பிரசையும் அரச நிறுவனத்திடம் தகவல் கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் சுத்தம் செய்த நிறுவனத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு, ஒரு தாளில் மூன்றே கேள்வி எழுதினோம். கொந்தராத்துக்காரருக்கு மாதம் எவ்வளவு கொடுத்தீர்கள்? எத்தனை ஆட்களுக்குக் கொடுத்தீர்கள்? அந்தத் தொகையில் சேமலாபமும் நம்பிக்கை நிதியும் சேர்ந்திருக்கிறதா? கையளித்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்கினோம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். முதலில் மறுத்தார்கள், இது மூன்றாம் தரப்பின் வியாபார இரகசியமாம். 14 நாளுக்குள் மேன்முறையீடு செய்தோம். அதன் பிறகு பதில் வந்தது.

அந்தப் பதிலை நான் மூன்று தரம் வாசித்தேன். ஆள் ஒன்றுக்குச் சம்பளத்தோடு 12 வீதமும் 3 வீதமும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, அரசாங்கப் பணத்திலிருந்து மாதா மாதம் கொடுத்திருந்தார்கள். எங்கள் பெயரில் வந்த காசு முதலாளியின் கையோடு நின்றுவிட்டது. அது மட்டுமில்லை, நாங்கள் 28 பேர் வேலை செய்த இடத்துக்கு 36 பேர் என்று காசு வாங்கப்பட்டிருந்தது. அந்த எட்டுப் பேர் செய்ய வேண்டிய வேலையையும் நாங்களே குனிந்து செய்திருக்கிறோம். ஊழல் என்றால் எங்கோ மேலே, பெரிய ஆட்களுக்குள் நடப்பது என்று நினைத்திருந்தேன். அது என் முதுகிலும் அக்காவின் முழங்காலிலும் இருந்திருக்கிறது. இந்தப் பத்திரங்களை இலஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழுவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். அதைப் பற்றி இப்போதைக்கு இதற்கு மேல் எழுத மாட்டேன்.

கட்டின காசாவது பத்திரமாக இருக்குமா என்று சங்கக் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டான். 2015 மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரத்தை ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தபோது, இதே சேமலாப நிதி அந்த முறிகளை, அதாவது அரசாங்கக் கடன் பத்திரங்களை, வாங்கிய விதமும் வெளியில் வந்தது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று சொல்லி, எங்கள் நிதியின் முறிகளை மாற்றினார்கள். ஐயா இதையெல்லாம் மறைக்காமல் சொன்னார். அதற்காக முதலாளி கட்டாமல் விடலாமா என்று அவரே திருப்பிக் கேட்டார்.

எங்களை வேலையால் நிறுத்தியதற்குத் தனி வழி. தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். நாங்கள் தொழில் அலுவலக விசாரணை முடியட்டும் என்று காத்திருந்து, ஐந்தாவது மாதத்தில்தான் விண்ணப்பித்தோம். ஐயா நாட்காட்டியைப் பார்க்காமல் இருந்திருந்தால் தவறியிருக்கும். இதை வாசிக்கிற ஒருவருக்காவது இந்த ஆறு மாதம் நினைவில் நிற்க வேண்டும், வேறு விசாரணை நடக்கிறதென்று இது நிற்காது. அங்கே சட்டத்தரணி இல்லாமல் சங்கப் பிரதிநிதியே எங்களுக்காகப் பேசலாம், ஐயாதான் பேசினார். இரண்டு கம்பனிக்கும் ஒரே பணிப்பாளர் என்ற பதிவுப் பத்திரத்தை அவர் வைத்ததும், மறுபக்கத்தார் இணக்கத்துக்கு வந்தார்கள். ஏழு வருடத்துக்கும் சேர்த்துப் பணிக்கொடை 70,000, அதோடு மூன்று மாதச் சம்பளம் 60,000. திரும்ப வேலைக்கு எடுக்கவில்லை. நானும் அதை வற்புறுத்தவில்லை, அந்த வாசலை மிதிக்க மனம் வரவில்லை.

சேமலாபத்தை அவர் கடைசிவரை தானாகக் கட்டவில்லை. தொழில் ஆணையாளரின் சான்றிதழோடு விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே அந்தத் தொகையைத் தண்டப்பணம் போல அறவிடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 28 பேருடைய நிலுவையையும் தவணை முறையில் கட்டும்படி கட்டளை வந்தது. முறைப்பாட்டில் கையெழுத்து வைக்காத 17 பேருடைய பணமும் அதற்குள் இருந்தது. கட்டளை வாசித்த அன்று அவர்களில் நான்கு பேர் நீதிமன்ற வாசலுக்கு வந்து எங்களோடு நின்றார்கள், ஒன்றும் கதைக்கவில்லை.

இரண்டு தவணை கட்டியாயிற்று. அக்கா தன் கணக்கில் விழுந்ததைப் பார்த்து, அடகில் இருந்த தோட்டை மீட்டிருக்கிறார். மூன்றாம் தவணைக்கு வருகிற மாதம் 14ஆம் திகதி நீதிமன்றம் கூப்பிட்டிருக்கிறது. போக வேண்டும். அக்காவும் வருவதாகச் சொல்கிறார், அவருடைய பேரப்பிள்ளையை அன்றைக்கு யார் பார்ப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.